வெந்நீர்த் தொட்டியும் வாட்டர் ஹீட்டரும்: விற்பவர் அறிய வேண்டிய விதிகள்

பலசரக்கு வியாபாரிகள் படிக்கும் சங்க இதழில் குளியல் தொட்டியைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணத்தைச் சொல்லி விடுகிறோம்.

சென்ற மார்கழியில் ஓய்வு பெற்ற சுரங்க அதிகாரி ஒருவர் நம் கடைக்கு வந்தார். இந்திரா நகரில் சொந்த வீடு. மகன் அமெரிக்காவில் வேலை. அங்கே போய் வந்தவர் மகன் வீட்டுப் பின்கட்டில் ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறார். நாலு பேர் உட்காரலாம். தண்ணீரை மோட்டாரே சுற்ற விடும், ஹீட்டரே சூடாக்கும். "அண்ணாச்சி, காற்றடித்து வைக்கிற மாதிரி இந்த ஊரிலேயும் கிடைக்குதாமே, ஒண்ணு வரவழைச்சுத் தாங்க. மொட்டை மாடியிலே போட்டுக்கிறேன். முட்டி வலிக்கு நல்லதாம்" என்றார். விசாரித்துச் சொல்கிறோம் சார் என்று அனுப்பி வைத்தோம்.

மும்பை ஏஜெண்ட் ஒருவருக்குப் போன் போட்டோம். சரக்கு உண்டு என்றார், விலையும் சொன்னார். கடைசியில், "பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தரலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நாம் போனை வைத்து விட்டோம். ஏன் வைத்தோம் என்பதற்கு 2006ஆம் ஆண்டு மார்கழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நெய்வேலியில் வெந்நீர் என்றால் ஒரு காலத்தில் லெக்கோ அடுப்பும் செப்புத் தவலையும்தான். பழுப்பு நிலக்கரியிலிருந்து இங்கேயே செய்த லெக்கோவை மூட்டை மூட்டையாக வாங்கி எடை போட்டு விற்ற வியாபாரிகள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிறகு லெக்கோ ஆலை மூடப்பட்டது. வாளியில் போடும் ஹீட்டர் ராடு வந்தது. மார்கழி பிறந்தால் பலசரக்குக் கடை வாசலிலும் கொசுவர்த்திச் சுருளுக்குப் பக்கத்தில் நாலு ராடு தொங்கும். அந்த 2006இல் நாமும் ஒரு கைமாற்று வியாபாரியிடம் பில் இல்லாமல் 12 டஜன் ராடு வாங்கினோம். அடக்கம் மற்ற சரக்கில் பாதிதான். அட்டைப் பெட்டியில் பளபளப்பான படம் இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. அதை நாம் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். கவனித்தோம், விலையைப் பார்த்து விட்டு விட்டோம்.

நம்மிடம் சில்லறைக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர் மூன்று டஜன் கொண்டு போனார். பத்து நாளில் ஒரு ராடைத் துணிப்பையில் போட்டுக் கொண்டு வந்து கல்லாப் பெட்டி மேல் வைத்தார். வாடகை வீட்டில் இருந்த ஒரு அம்மாள், கணவர் இரவு ஷிப்டு போயிருந்த நேரம், அலுமினியக் குண்டானில் ராடைப் போட்டு, சூடு பார்க்கக் கையை விட்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பையன் அம்மாவைத் தொடாமல் ஓடிப் போய் மெயினை அணைத்ததால் உயிர் தப்பியது. கை வெந்து விட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி.

நமக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ராடைப் பிரித்துப் பார்த்தோம். பிளக்கில் மூன்று பின் இருந்தது. ஒயரில் பச்சைக் கம்பியும் இருந்தது. ஆனால் ராடின் தலைப்பகுதியில் அந்தப் பச்சைக் கம்பி எதனோடும் சேரவில்லை. வெட்டி, டேப் சுற்றி, உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எர்த் இருக்கிறது, உள்ளே இல்லை. கொடுத்தவரின் போன் எண்ணுக்கு மணி அடிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை நாமும் சில்லறைக் கடைக்காரரும் பாதிப் பாதி ஏற்றோம். மிச்சச் சரக்கைத் திரும்ப வாங்கி நாமே உடைத்தோம். 144இல் 31 ராடு யார் வீட்டுக்குப் போயிற்று என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றளவும் தெரியாது.

அந்த நாளில், சட்டம் தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம் என்று பலரிடமும் சொல்லிக் கொண்டு திரிந்தோம். உண்மையில் சட்டம் நமக்கு மூன்று ஆண்டு முன்பே வந்து விட்டது. மின் ஒயர்கள், மின் சாதனங்களுக்கான 2003ஆம் ஆண்டுத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, தண்ணீரில் போடும் ஹீட்டருக்கும் சுவரில் மாட்டும் கீசருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. ராடுக்கான இந்தியத் தர எண் 368. தொட்டியுள்ள கீசருக்கு 2082. முத்திரை இல்லாத சரக்கைச் செய்பவர் மட்டுமல்ல, விற்பவரும், விற்க வைத்திருப்பவரும் குற்றவாளிகளே. 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயச் சட்டம் இதற்கு வகுத்த தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் தடவை 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மறுபடி செய்தால் 5 லட்சத்துக்குக் குறையாது. ஒரு டஜன் ராடில் நமக்கு நிற்கும் லாபம் என்ன என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

முத்திரை என்றால் படம் மட்டும் பார்த்தால் போதாது. ஐ.எஸ்.ஐ. சின்னத்தின் மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கி அந்த எண்ணைத் தட்டினால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, உயிரோடு இருக்கிறதா என்று வந்து விடும். கடைப் பையனுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் அவனே பார்ப்பான். ஒயருக்கு வாங்கிய உரிம எண்ணை ராடின் பெட்டியில் அச்சடித்தவர்களும் உண்டு. ஆகவே பொருளின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட நமக்கு நெருக்கமான சட்டம் ஒன்று 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு யார் தருவது என்பதை அது சொல்கிறது. சாதாரணமாகத் தயாரித்தவர் தர வேண்டும். ஆனால் 86ஆம் பிரிவைப் பாருங்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டாலும், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சார்பு செய்ய முடியாவிட்டாலும், விற்றவரே பொறுப்பு. பொருளைச் சோதிப்பதில் தக்க கவனம் காட்டாவிட்டாலும் விற்றவரே பொறுப்பு. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கைத் தாளை வாடிக்கையாளர் கையில் சேர்க்காவிட்டாலும் அப்படியே. பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தாளை எடுத்துப் பொட்டலம் மடிக்கும் கடைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

அதாவது பெயரில்லாத, பில்லில்லாத சரக்கை விற்கும்போது, சட்டத்தின் முன்னால் தயாரிப்பாளர் நாற்காலியில் நாமே போய் உட்கார்ந்து கொள்கிறோம். அன்று அந்த அம்மாளுக்கு வழக்குப் போடத் தோன்றவில்லை. இன்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாமே மனு எழுதிக் கொடுக்கலாம். பில் கேட்டு வாங்குவது வரிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். கைமாற்றியவர் பெயரைக் காட்ட நம்மிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். எலக்ட்ரிக் சரக்கின் கொள்முதல் பில்லை மற்ற பில்களோடு கட்டிப் பரணில் போடாமல் தனிக் கோப்பில் வைப்பது நல்லது.

இனி அதிகாரியின் தொட்டிக்கு வருவோம். பெயர்தான் புதிது. உள்ளே இருப்பவை ஹீட்டர், பம்பு, ஒயர், தண்ணீர். வாளி ராடில் கை மட்டும் தண்ணீரில் இருக்கும். இதில் ஆளே தண்ணீரில் இருக்கிறார் என்பதால் விதிகளும் கடுமையாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். நம் கடைப் பையன்களும் அப்படியே சொல்கிறார்கள். இது பெரிய தவறு. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவது, ஆளைக் காப்பாற்றுவது அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஈர உடம்பின் வழியாக 100 மில்லி ஆம்பியர் போனாலே இதயம் நிற்கக்கூடும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கசிவு துண்டிப்பான். போன மின்சாரம் திரும்பி வருகிறதா என்று அது எடை போட்டுக் கொண்டே இருக்கும். இடையில் ஒழுகினால் இமைப்பொழுதில் துண்டித்து விடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வீட்டு இணைப்புக்கு விதிக்கும் அளவு 30 மில்லி ஆம்பியர். கடையில் 100, 300 என்றும் இருக்கும். விலையைப் பார்த்து மாற்றிக் கொடுத்து விடக்கூடாது. அதன் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்தது பிளக். 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் கீசர் 13 ஆம்பியர். இதைச் சின்ன ஆறு ஆம்பியர் பாயிண்டில் மாட்டினால் பிளக் இளகும். அதைவிட ஆபத்து, மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றிக் கொடுக்கும் அந்தச் சின்ன வெள்ளைக் கட்டை. பத்து ரூபாய்ச் சரக்கு என்று கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பாவில் கொட்டி வைத்திருப்போம். அதை ராடோடு சேர்த்துக் கொடுப்பதும், பச்சைக் கம்பியை வெட்டி மடிப்பதும் ஒன்றுதான். ராடு வாங்குபவருக்கு அதை நாம் கொடுப்பதில்லை. ஒரு வாடிக்கையாளர் கோபித்துக் கொண்டு அடுத்த கடைக்குப் போனார்; போகட்டும்.

அமெரிக்காவில் இந்தத் தொட்டிக்கு என்ன விதி என்று மகன் வழியாக அதிகாரியே கேட்டு வந்தார். ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், நிலையாக ஒயர் இழுத்து வைக்கும் தொட்டிக்குப் பல நகராட்சிகளில் மின் வேலைக்கான அனுமதி வாங்க வேண்டுமாம். கசிவு துண்டிப்பான் கட்டாயம். அணைக்கும் சுவிட்ச் கண்ணில் படும் இடத்தில், ஆனால் தொட்டியிலிருந்து ஐந்தடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிப்பவர் கை நீட்டித் தொட்டு விடக்கூடாது என்பதற்காக. குழந்தை விழாமல் இருக்க வேலி, அல்லது பூட்டும் மூடி. தண்ணீர் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக்கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. தண்ணீரை உறிஞ்சும் துளைக்கு மூடி பற்றித் தனிச் சட்டமே இருக்கிறது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயதுக் குழந்தை, 2002இல் இப்படி ஒரு தொட்டியின் உறிஞ்சு துளையில் ஒட்டிக் கொண்டு, மேலே வர முடியாமல் இறந்து போனாள். 2007இல் வந்த சட்டத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள்.

கண்காட்சியில் ஸ்டால் போடும் வியாபாரிகள் நெதர்லாந்தில் நடந்ததையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1999 பிப்ரவரியில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி. அங்கே வெந்நீர்ச் சுழல் தொட்டியை விற்பனைக்காக ஓட விட்டுக் காட்டினார்கள். யாரும் அதில் குளிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகி, குமிழி வெடிக்கும் தூவானத்தோடு காற்றில் கலந்து, பக்கத்தில் நடந்து போனவர்களின் நுரையீரலுக்குள் போயிற்று. குறைந்தது 32 பேர் இறந்தார்கள். மாதிரிக்குத்தானே என்று மருந்து போடாத தொட்டி செய்த வேலை இது. இந்தக் கிருமிக்குப் பிடித்தது 25 முதல் 45 டிகிரி வரையிலான சூடு. குளியல் தொட்டியின் சூடும் அதுவே. ஆகவே தண்ணீரில் குளோரின் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் நிற்க வேண்டும், தினமும் சோதிக்க வேண்டும். தொட்டியை விற்றால் சோதனைத் தாளையும் சேர்த்தே விற்க வேண்டும்.

மொட்டை மாடி விஷயம் அதிகாரிக்கே அதிர்ச்சியாக இருந்தது. சுரங்கத்தில் கணக்குப் போட்டவர், சொன்னதும் புரிந்து கொண்டார். ஒரு சதுர அடியில் ஓரடி உயரம் தண்ணீர் நின்றால் 28 கிலோ. இரண்டடி நின்றால் 56. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரவிதி கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்குச் சுமார் 14. நாலு மடங்கு! மேலே நாலு பேர் உட்காரும் எடை வேறு. கட்டட என்ஜினீயர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் மாடியில் வைக்கக்கூடாது. மின் செலவும் கேட்டார். 1000 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டு போக 15 யூனிட். 2000 வாட் ஹீட்டர் என்றால் ஏழரை மணி நேரம். ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட்டுக்குள் முடிந்து விடும்.

இந்திரா நகர், வடலூர் போன்ற இடங்களில் சொந்த வீட்டுக்காரர் மின் வாரியத்திடம் பெற்ற மின்சுமைக்குள் இது அடங்குகிறதா என்று பார்த்து, மிஞ்சினால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக ஒயர் இழுப்பது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் செய்ய வேண்டிய வேலை. தெருவில் போகும் எலக்ட்ரீஷியன் வேலை அல்ல. நகரியத்துக்குள் விஷயம் வேறு. குவார்ட்டர்ஸ் வீடு என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் தம் இஷ்டத்துக்குச் சுவரைக் குடைந்து கீசர் மாட்டவோ, பாயிண்ட் கூட்டவோ உரிமை இல்லை. நகர நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அந்த வீடுகளில் பல, பல்பும் மின்விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் கட்டியவை. கீசர் கேட்டு வரும் குவார்ட்டர்ஸ்காரரிடம் 'பர்மிஷன் வாங்கியாச்சா சார், 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கா' என்று கேட்டு விட்டுப் பில் போடுவது நம் வழக்கம். இரண்டு பேர் பர்மிஷன் வாங்கி வருவதாகப் போய், வரவே இல்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

கேஸ் கீசரையும் இங்கே சொல்லி விட வேண்டும். அதில் ஷாக் அடிக்காது. ஆனால் மூடிய குளியலறைக்குள் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லாத விஷம். உள்ளே போனவர் மயங்கி விழுவதுகூட வெளியே கேட்காது. குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

ராடு விற்கும்போது நாம் வாயால் சொல்லி அனுப்புவது இவ்வளவுதான்: பிளாஸ்டிக் வாளி, கோடு வரை தண்ணீர், ராடு தண்ணீரில் நின்ற பிறகே சுவிட்ச், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை, குழந்தை உள்ள வீட்டில் கதவைத் தாழிட்ட அறை. சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. அவசரக் கூட்டத்தில் இதைச் சொல்ல முடியாது என்பவர்கள், பெட்டி மேல் ஒட்டச் சின்னச் சீட்டு அச்சடித்துக் கொள்ளலாம். நாம் அச்சடித்த சீட்டு மீதி இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தருகிறோம்.

அதிகாரி ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். மாடி வேண்டாம், கீழே தோட்டத்தில் சிமெண்ட் தளம் போட்டு வைத்துக் கொள்கிறேன் என்றார். முதலில் எர்த் குழியும் ஆர்.சி.சி.பி.யும் ஆகட்டும் சார், பிறகு பேசலாம் என்றோம். வேலை நடந்து கொண்டிருக்கிறது. குழி தோண்டியபோது பழைய எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்ததாம். எத்தனை வருஷமாக வீடே எர்த் இல்லாமல் ஓடியது என்று தெரியவில்லை என்கிறார். தொட்டிக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை. மும்பை ஏஜெண்டிடம் தயாரிப்பாளர் பெயர், இறக்குமதி செய்தவர் முகவரி, தரச் சான்று, பில் நான்கும் கேட்டு எழுதினோம். பதில் வரவில்லை.